சாரத்திற்கும் கைப்பிடி வேண்டும்

(ஆதரவாளர் கூடுகையில் அளித்த செய்தி)





வில்லியனூர், பாகூர் கிராமங்களில் நாற்று நட்ட கைகள் பல இன்று சாந்துச் சட்டி சுமக்கின்றன. சவுக்குக் கம்புகளைக் கயிற்றால் கட்டி, மேலே பலகை போட்டால் அதுவே சாரம். கம்பு உளுத்திருந்தாலும், முடிச்சு தளர்ந்தாலும் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. ஒரு மாடி உயரமே முதுகெலும்பை முறிக்கப் போதும்.

பாகூர்ப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் அப்படித்தான் விழுந்தார். உடன் வேலை செய்தவர்கள் பதறி, கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். அன்பினால் செய்ததுதான். ஆனால் முறிந்த எலும்பு அசைந்தால் தண்டுவடம் நசுங்கிவிடக்கூடும். அப்படி விழுந்தவரை இருந்த இடத்திலேயே விட்டு 108க்குச் சொல்லவேண்டும். தூக்கியே ஆகவேண்டுமானால், கழுத்தும் முதுகும் வளையாதபடி நாலைந்து பேர் சேர்ந்து பலகையில் கிடத்தவேண்டும்.

அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. படுக்கைப்புண் வராதபடி இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க அவர் மனைவி கற்றுக்கொண்டார்.

வேலூர் மிஷன் ஆஸ்பத்திரியின் டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார் 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே திறக்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தை நடத்தினார். விழுந்தபின்னும் வாழ்வு உண்டு என்பதற்கு அவர் சாட்சி.

ஆயினும் விழாதபடி காப்பதே மேல். மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாத வீட்டின்மேல் இரத்தப்பழி வரும் என்று உபாகமம் 22ஆம் அதிகாரம் எச்சரிக்கிறது. பொறுப்பு கட்டுவிக்கிறவனுடையது.

சென்ற ஆண்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கக் கட்டிய சாரத்திலும் கைப்பிடி இல்லை. செலவு கூடுமே என்று நாங்களும் கேட்கவில்லை. சிகிச்சைக்கு வந்திருந்த அந்தக் கொத்தனாரே சக்கர நாற்காலியிலிருந்து அதைச் சுட்டிக்காட்டினார். வெட்கப்பட்டோம். அன்றே கட்டுவித்தோம்.

கிறிஸ்துமஸுக்கு முன் உங்கள் ஆலயத்திலும் சாரம் கட்டுவீர்கள். உளுத்த கம்பை மாற்றி, இடுப்பளவில் குறுக்குக் கம்பு கட்டச் சொல்லுங்கள். அதுவும் இவ்வூழியத்திற்கு நீங்கள் தரும் காணிக்கையே.