நீரின் ஆழமும் அழுத்தமும்

(வெள்ளிமலையில் ஊராட்சி உறுப்பினர்களுக்கு நடந்த பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

கல்வராயன் மலையில் வாழும் உங்களுக்கு நீரைப் பற்றிப் பிறர் சொல்லித் தர வேண்டுவதில்லை. ஊற்று எங்கே சுரக்கும், ஓடை எம்மாதத்தில் வற்றும் என்பவற்றை நீங்கள் நன்கறிவீர்கள். ஆயினும், தேங்கி நிற்கும் நீர் தன்னைத் தாங்கும் கரையையும் குழாயையும் எவ்வளவு விசையுடன் தள்ளுகிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் விளையும் இழப்பு சிறிதன்று.

வீடு கட்டும் கொத்தனார் உள்ளிருக்கும் நீர் தெரியும் ஒரு நீண்ட பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி மட்டம் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். இடையில் குழாய் வளைந்தாலும் சுருண்டாலும் இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கிறது. நீருக்குத் தனக்கென ஓர் உருவம் இல்லை. அது கீழ்நோக்கி மட்டுமன்றி, பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் அழுத்துகிறது. அவ்வழுத்தம் நீரின் பரப்பைப் பொறுத்ததன்று; ஆழத்தை மட்டுமே பொறுத்தது.

ஒரு மீட்டர் நீளம், அகலம், உயரம் கொண்ட நீரின் எடை 1,000 கிலோ. ஆகவே 10 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ அழுத்தம் உண்டாகிறது. நம் மலை ஓடைகளின் நீரைத் தேக்கும் கோமுகி அணையில் நீர் 46 அடி, அதாவது ஏறக்குறைய 14 மீட்டர், நின்றால் அடியில் அழுத்தம் 1.4 கிலோ. அதே ஆழத்துக்கு நீர் நிற்கும் சிறு கிணற்றின் அடியிலும் அழுத்தம் அதுவே. அணைநீர் எத்தனை ஏக்கர் பரந்து கிடந்தாலும் இதில் மாற்றமில்லை.

இதனால் நாம் கொள்ளவேண்டிய பாடம் இரண்டு. முதலாவது ஏரி, குட்டைகளின் கரையைப் பற்றியது. மேற்பரப்பில் அழுத்தம் இல்லை. கீழே செல்லச் செல்ல அது வளர்கிறது. நம் முன்னோர் கரையின் அடியை அகலமாகவும் தலையைக் குறுகலாகவும் அமைத்ததன் பொருத்தம் இதுவே. கரை மீது விழும் மொத்த விசையோ ஆழத்தினும் விரைந்து பெருகும். இரண்டு மீட்டர் ஆழ நீர், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் 2 டன் விசையுடன் தள்ளும். நான்கு மீட்டர் ஆழ நீர் தள்ளுவதோ 8 டன். ஆழம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகிறது.

சில ஊர்களில் இன்னும் சிறிது நீரைத் தேக்கும் ஆசையால் கலங்கலின் மேல் பலகையும் மணல் மூட்டையும் வைத்து அடைக்கின்றனர். மூன்று மீட்டர் ஆழக் குட்டையில் ஓரடி உயர்த்தினால், கரைமேல் விசை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும். பெருமழை நாளில் வழிந்தோட வேண்டிய வெள்ளத்திற்கும் வழியில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே கலங்கலைத் திறந்து வையுங்கள். கரையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் கலங்கலாக வருமாயின், உள்ளே மண் அரிக்கப்படுகிறதென்று உணர்ந்து உடனே தகவல் தாருங்கள்.

இரண்டாவது பாடம் குடிநீர்க் குழாயைப் பற்றியது. இதனை நான் என் தவற்றினாலேயே கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு மலைப்பகுதியில், மேட்டிலிருந்த ஊற்று நீரைக் கீழே ஒரு குக்கிராமத்திற்குக் கொண்டுவரத் திட்டமிட்டோம். நாளொன்றுக்கு எத்தனை குடம் நீர் வேண்டுமென்று கணக்கிட்டேன். ஊற்றுக்கும் ஊருக்கும் இடையேயுள்ள உயரத்தைக் கணக்கிடவில்லை. உயரம் 60 மீட்டர். ஆகவே அழுத்தம் 6 கிலோ. விலை மலிவென்று நான் ஒப்புதலளித்ததோ 4 கிலோ தாங்கும் பிளாஸ்டிக் குழாய். பகலில் நீர் ஓடியபோது, உராய்வில் அழுத்தம் ஓரளவு குறைந்ததால், குழாய் தாங்கியது. இரவில் எல்லாத் திருகுகளையும் மூடியதும் முழு அழுத்தமும் ஏறியது, குழாய் வெடித்தது. மறுநாள் முதல் தாய்மார்கள் மீண்டும் குடத்துடன் மேடேறினார்கள். அக்காட்சியை நான் மறக்கவில்லை.

இதற்குப் பரிகாரம் எளிது. ஒன்று, அழுத்தத்திற்கு மிகுதியாகவே தாங்கும் குழாயைப் பதிக்கலாம். அல்லது பாதி உயரத்தில் ஒரு திறந்த தொட்டி கட்டி, மேலிருந்து வரும் நீரை அதில் விழச் செய்யலாம். அங்கே அழுத்தம் தணிந்து, மீண்டும் புதிதாகத் தொடங்கும். பின்னர் மேற்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் 3 கிலோ வீதமே தாங்கவேண்டிவரும். தொட்டி நிறைந்தால் தானே மூடிக்கொள்ளும் மிதவைத் திருகு ஒன்றும் வேண்டும்.

அன்பர்களே! குழாயின் மேல் அது தாங்கும் அழுத்தம் அச்சிடப்பட்டிருக்கும். உங்கள் ஊருக்குக் குழாய் வந்திறங்கும் நாளில் அந்த எண்ணைப் படியுங்கள். ஊற்றுக்கும் ஊருக்கும் உயரம் எத்தனை மீட்டர் என்று பொறியாளரைக் கேளுங்கள். அதைப் பத்தால் வகுத்து, இரண்டையும் ஒப்பிடுங்கள். குழாயின் எண் சிறிதாக இருப்பின், பதிக்க விடாதீர்கள், என்னிடம் வாருங்கள். கேட்பது உங்கள் உரிமை. விடையளிப்பது எங்கள் கடமை.