எந்த விவசாயி?

தோழர்களே, நாட்டின் வருமானக் கணக்கில் வேளாண்மை, காடு, மீன்பிடி மூன்றும் ஒரே வரியில் வரும். வருமானத்தில் அதன் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு; அதை நம்பியிருப்பதோ உழைப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர். விவசாயிக்கு வருமானம் குறைவு என்று அத்தோடு முடித்துவிடுகிறார்கள். நான் கேட்பது, எந்த விவசாயி? பட்டா வைத்திருப்பவரா, அவர் வயலில் நாற்று நடுபவரா?

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் அந்த மூன்று வேலையையும் செய்தவர்கள் இருளர்கள். பாம்பு பிடித்தார்கள், 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றமானது. அறுவடைக் கூலிக்குப் போகிறார்கள். பழவேற்காட்டு ஏரியில் இறங்கி வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். படகுக்கு வழியில்லை.

நிலம் கொடுக்கவே இல்லையா? கொடுத்தார்கள். இந்த வட்டாரம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அதன் ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை பற்றி எழுதிய அறிக்கைதான் 1892இல் பஞ்சமி நில ஆணையானது. பத்தாண்டு விற்கக் கூடாது, பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை.

இன்று கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி மனை விலை ஏறிக் கிடக்கிறது. நிலமிருந்தவர் விற்று முதலாளியானார். கூலிக்காரர் ஒப்பந்தக் கூலியாகிக் கம்பெனி வாசலில் நிற்கிறார். இதற்குத்தான் பாடநூலில் 'தொழில்மயமாதல்' என்று பெயர்!

ஊருக்குப் போனதும் பழைய 'அ' பதிவேட்டின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். டி.சி. என்று குறித்த சர்வே எண்களில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.