மூன்று முறை கேட்டார்கள்



இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு 'இஸ்லாத்தில் பெண்கள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். அந்தத் தலைப்பில் எங்கள் ஊர் ஆண்கள் நிறையப் பேசிவிட்டார்கள். நான் என் நிக்காஹிலிருந்து தொடங்குகிறேன்.

பந்தலில் ஆண்கள். உள் அறையில் முக்காட்டுக்குள் நான். வக்கீலும் இரண்டு சாட்சிகளும் வந்து வாசலருகே நின்றார்கள். இவர் கோர்ட்டு வக்கீல் அல்ல. பெண்ணிடம் சம்மதம் கேட்டு வாங்கிப் போய் சபையில் சொல்கிறவர். என் மாமாதான். இன்னார் மகனுக்கு, இவ்வளவு மஹருக்கு, உன்னை நிக்காஹ் செய்து கொடுக்கச் சம்மதமா என்று மூன்று முறை கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. நன்னி என் முதுகில் கை வைத்து, "சம்மதந்தான், போங்க" என்று அனுப்பிவிட்டார். அன்று எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் அந்த அறையில் எப்படிச் சொல்லியிருப்பேன்? பிரியாணிக்குத் தம் போட்ட பிறகு கேட்கப்படுகிற கேள்வி அது.

கன்னிப் பெண்ணின் மௌனமே சம்மதம் என்ற ஹதீஸை எல்லோரும் சொல்வார்கள். வெட்கப்படுகிறவளுக்குக் கொடுத்த சலுகை அது. அதே புகாரி தொகுப்பில் கன்ஸா பின்த் கிதாம் என்ற பெண்ணும் வருகிறார். விருப்பமில்லாமல் தகப்பனார் மணமுடித்து வைத்ததாக நபிகளிடம் முறையிட்டார். நபிகள் அந்தத் திருமணத்தை ரத்து செய்தார்கள். முதல் ஹதீஸை பயான்களில் கேட்டு வளர்ந்தேன். இரண்டாவதை நாற்பது வயதில் நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பர்தாவும் அப்படித்தான். அந்நூர் அத்தியாயத்தின் 30ஆவது வசனம் ஆண்களைப் பார்வையைத் தாழ்த்தச் சொல்கிறது. பெண்களுக்கானது அதற்கு அடுத்த வசனம். முதல் வசனத்தை வைத்து ஒரு பையனை ஜமாஅத் கூப்பிட்டு விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. எங்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவேன்.

மஹர் மணமகன் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியது. என் மஹர் ஆயிரத்தொரு ரூபாய் நிக்காஹ் தப்தரில் ஏறியது. அத்தா கொடுத்த கைக்கூலியும் நகையும் எந்தத் தப்தரிலும் இல்லை.

பிறகு தகராறு வந்தால் ஜமாஅத் பள்ளிவாசலில் கூடும். பெண் உள்ளே போக முடியாது. அவளுக்காக அண்ணனோ அத்தாவோ பேசுவார். இதைக் கேள்வி கேட்டுத்தான் புதுக்கோட்டையில் தாவூத் ஷரீஃபா கானம் பெண்களுக்கென்று ஜமாஅத் தொடங்கினார், பெண்களுக்குப் பள்ளிவாசல் வேண்டும் என்றார். கடும் எதிர்ப்பு வந்தது. மார்க்கத்தை விட்டுப் போகவா அந்தப் பெண்கள் கேட்டார்கள்? உள்ளே உட்கார இடம் கேட்டார்கள்.

"வீட்டு விஷயத்தை வெளியே பேசாதே, எதிரிக்கு உதவும்" என்பார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. முத்தலாக்கை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்கள் ஷயாரா பானு போன்ற முஸ்லிம் பெண்கள்தான். 2017இல் அது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. 2019இல் வந்த சட்டமோ கணவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது. உள்ளே இருப்பவன் ஜீவனாம்சம் எப்படிக் கொடுப்பான் என்று பெண்கள் கேட்டது யார் காதிலும் விழவில்லை. 2022இல் கர்நாடகத்தில் முக்காடு போட்ட மாணவிகளைக் கல்லூரி வாசலிலேயே நிறுத்தினார்கள். மூடு என்பவரும் கழற்று என்பவரும் அவளிடம் கேட்பதில்லை.

பெண்ணின் திருமணத்தைக் கட்டுப்படுத்தித்தான் சாதி நிலைக்கிறது என்று 1916இல் கொலம்பியாவில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் காட்டினார். எங்களிடம் சாதி இல்லை என்று மேடையில் சொல்வோம். பெண் கொடுக்கும்போது ராவுத்தரா, லெப்பையா, மரைக்காயரா என்று விசாரிப்போம். 1981இல் மீனாட்சிபுரத்தில் இஸ்லாத்துக்கு வந்த தலித் மக்களை வாயார வரவேற்ற நம்மில், அந்த வீடுகளோடு சம்பந்தம் பேச எத்தனை பேர் தயார்? இந்த மேடையில் அதை மறைத்துவிட்டுப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என் மகளிடம் நான் முன்னதாகவே கேட்டேன். பரிசத்துக்கு நாள் குறிக்கவில்லை, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். மாப்பிள்ளை என் நாத்தனார் மகன். "வேணாம்மா" என்றாள். அவள் அத்தாவிடம் அதைச் சொல்ல எனக்கு நான்கு நாள் பிடித்தது. சம்பந்தம் நின்றது. நாத்தனார் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. இந்த உரை அச்சில் வரும் என்றார்கள். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம் என்றிருக்கிறேன்.