அத்தையின் பெயர் இருந்த பத்திரம்

ஒரு கேள்வியோட ஆரம்பிக்கிறேன். உங்க அப்பாவோட அப்பா பேரு உங்களுக்குத் தெரியும். அவரைப் பெத்த அம்மாவோட பேரு தெரியுமா?

எனக்குத் தெரியாது. அப்பாகிட்ட கேட்டேன், அவருக்கும் தெரியல. "எல்லாரும் அப்பத்தான்னுதான் கூப்பிடுவோம்"னு சொன்னார். அந்தப் பேரைக் கண்டுபிடிக்கத்தான் நான் கிளம்பினேன். வழியில வேற ஒண்ணு கிடைச்சது. அதைப் பத்திதான் இன்னைக்குப் பேசப் போறேன்.

குடும்ப வரலாறு தேடணும்னா நம்மள்ல பல பேர் முதல்ல டிஎன்ஏ டெஸ்ட் கிட், இல்லன்னா வெளிநாட்டு வெப்சைட்னு போவோம். ஆனா நம்ம ஊர்ல சாதாரணக் குடும்பங்களோட கதை பெரும்பாலும் இருக்கிறது தாலுகா ஆபீஸ்லயும் சார்பதிவாளர் ஆபீஸ்லயும்தான். காரணம் ரொம்ப எளிது. அரசாங்கத்துக்கு நம்ம தாத்தா மேல தனியா அக்கறை எதுவும் கிடையாது, அவர் நிலத்து மேல இருந்தது. நிலத்துக்கு வரி வாங்கணும்னா அது யாரோடதுன்னு எழுதி வைக்கணும். அப்படி எழுதி வச்சதுலதான் நம்ம ஆளுங்களும் இருக்காங்க.

என் அப்பா ஊர் மதுரைப் பக்கம் ஒரு கிராமம். ஒரு ஏக்கர் சொச்சம் புஞ்சை. நான் தொடங்கினது பட்டாவுல. 'எங்கிருந்தும் எந்நேரமும்'னு அரசோட இணையதளம் இருக்கு. மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தா பட்டா வரும், அ-பதிவேடும் வரும். இதுல ஒரு சிக்கல் இருக்கு. 1980கள்ல நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் நடந்தப்போ நிறைய இடத்துல உட்பிரிவு எண்கள் மாறிடுச்சு. அதுக்கு முந்தின பத்திரங்கள்ல இருக்கிறது பழைய எண். அ-பதிவேட்டுல பழைய எண்ணுக்குன்னு ஒரு கட்டம் இருக்கும், அதைக் குறிச்சு வச்சுக்கங்க. அது இல்லாம பின்னோக்கிப் போக முடியாது.

அடுத்தது வில்லங்கச் சான்று. ஒரு நிலத்துல எந்த வருஷம் யார் யாருக்கு எழுதிக் கொடுத்தாங்கன்னு வரிசையா காட்டுற பட்டியல் அது. பல ஊர்களுக்கு 1975ல இருந்து பதிவுத்துறை இணையதளத்துலயே பார்க்கலாம். அதுக்கு முன்னாடின்னா ஆபீசுக்கு நேரா போய் மனு போட வேண்டியிருக்கலாம்.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தோட 57ஆவது பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கிற முதல் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யார் வேணும்னாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் இருக்கிற மூணாவது புத்தகம் அப்படி இல்ல, அதுக்குக் கட்டுப்பாடு உண்டு. நான் போன ஆபீஸ்ல முதல் நாள், "பத்திரம் உங்க பேர்ல இல்லையேம்மா"ன்னு திருப்பி அனுப்பினாங்க. பிரிவு எண்ணை மனுவுல எழுதி எடுத்துட்டுப் போனேன். மூணாவது தடவை நகல் கிடைச்சது.

நான் தேடின பேரு அதுல இல்ல. அது 1978ல எழுதின விடுதலைப் பத்திரம். எழுதிக் கொடுத்தது என் அத்தை, அப்பாவோட அக்கா. எழுதி வாங்கினது பெரியப்பாவும் எங்க அப்பாவும்.

கேட்கிறவங்களுக்குப் புரியணும்னா எங்க வீட்டுக் கதையைச் சொல்லணும். அத்தை எங்க வீட்டுக்கு வர மாட்டாங்க. கல்யாணம், காதுகுத்து எதுலயும் பார்த்ததில்ல. காரணம் கேட்டா ஒரே பதில்தான்: "அவ சொத்துக்குச் சண்டை போட்டுட்டுப் போனவ." சின்ன வயசுல இருந்து நான் கேட்டு வளர்ந்தது இது. பத்திரத்துல இருந்தது நேர் எதிர். அத்தை பங்கு கேட்கல, தன் பங்கை விட்டுக் கொடுத்திருக்காங்க.

பங்கு இருந்ததான்னு நீங்க கேட்கலாம். இருந்தது. பெண்களுக்குச் சொத்துன்னதும் எல்லாரும் 1989 தமிழ்நாடு திருத்தத்தைச் சொல்வாங்க. அது பூர்வீகச் சொத்துல மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. ஆனா 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே, உயில் எழுதாம இறந்துபோன அப்பாவோட சொந்தச் சம்பாத்தியத்துல மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. எங்க தாத்தா கிரயம் கொடுத்து வாங்கின நிலம் அது. உயில் எழுதல. அப்பத்தா அவருக்கு முன்னாடியே போயிட்டாங்க. ஆக மூணு பிள்ளைக்கும் மூணுல ஒரு பங்கு. அத்தை கையெழுத்து இல்லாம அந்த நிலத்தை முழுசா அண்ணன் தம்பி பேருக்கு மாத்தியிருக்க முடியாது.

பத்திரத்தை நிதானமா படிச்சேன். பத்திர எழுத்தர் எழுதுற தமிழே தனி ருசி. "இன்னார் மகளும் இன்னார் மனைவியுமான, சுமார் 30 வயதுள்ள" அத்தை. அந்த ஒரே வரியில அவங்க வயசு, அப்பா பேரு, புருஷன் பேரு, அப்போ குடியிருந்த ஊரு எல்லாம் வந்துடுது. செக்குபந்தியில நாலு பக்கமும் யார் யார் நிலம்னு இருக்கு. கிழக்கே வண்டிப்பாதைன்னு போட்டிருக்கு, இப்போ அது தார் ரோடு. சாட்சி போட்டவர் மாமா. கடைசியில "ரொக்கம் ரூபாய் 500 பெற்றுக்கொண்டபடியால்"னு ஒரு வரி.

அந்த வில்லங்கச் சான்றை மறுபடி முழுக்கப் பார்த்தேன். அத்தை பேரு வர்றது அந்த ஒரே இடத்துலதான். பழைய பத்திரங்கள்ல பெண்களைத் தேடுறவங்க இதைக் கவனிங்க. நான் பார்த்த வரைக்கும், பெண் பேரு அதிகமா வர்றது அவங்க எதையோ விட்டுக் கொடுக்கிற பத்திரத்துலதான். அதனால கிரயப் பத்திரத்தோட நிறுத்தாதீங்க. விடுதலை, தான செட்டில்மென்ட், பாகப்பிரிவினை எல்லாத்தையும் பாருங்க.

நகலை போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போடப் போனேன். "பாருங்க, இத்தனை வருஷமா பொய் சொல்லியிருக்கீங்க"ன்னு டைப் பண்ணிட்டேன். அப்புறம் தோணுச்சு, இது முதல்ல அத்தைகிட்டதானே போகணும்? அழிச்சுட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ் ஏறினேன்.

அத்தைக்கு என்னை அடையாளம் தெரியல. இன்னார் மகன்னு அப்பா பேரைச் சொல்லி, அவரோட பொண்ணுன்னு சொன்னதும், "வா தாயி"ன்னு கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனாங்க. பத்திரத்தை நான் வாசிக்க வாசிக்கக் கேட்டாங்க. ஐநூறு ரூபாய் வரியில நிறுத்தினேன்.

"பணமா? அதெல்லாம் எழுதணும்னு எழுதுறது. நான் வாங்கல. கேக்கவும் இல்ல. ஒங்க அப்பன் அப்ப காலேசு படிச்சுக்கிட்டு இருந்தான். அந்த நெலத்த வச்சுத்தான் பீசு கட்டணும்னு அண்ணன் சொன்னாரு. போட்டுக் குடுத்தேன்."

"அப்புறம் எதுக்கு அத்தை சண்டை?"

கொஞ்ச நேரம் பேசல. "கையெழுத்து வாங்குன வருசம் பொங்கச் சீரு வந்துச்சு. அடுத்த வருசத்துல இருந்து வரல. சொத்து வேணாம்னு சொன்னது, பொறந்த வீடு வேணும்னுதான் தாயி. அதக் கேட்டேன். அதத்தான் சண்டைன்னு சொல்லிட்டாங்க."

பத்திரத்துல இது எழுதியிருக்காது. எந்த சார்பதிவாளர் ஆபீஸ்லயும் சீர் வராதது பதிவாகாது. அவங்க வாங்காத ஐநூறு ரூபாய் மட்டும் வாங்கினதா பதிவாகியிருக்கு. ஆனா அந்தப் பத்திரம் இல்லாம இருந்திருந்தா நான் அத்தை வீட்டு வாசலுக்குப் போயிருக்கவே மாட்டேன்.

அப்பாகிட்ட நகலைக் கொடுத்தேன். ரெண்டு தடவை படிச்சார். "அண்ணன் கொடுத்திருப்பாருன்னு நினைச்சேன்"னு மட்டும் சொன்னார். பெரியப்பா இப்போ இல்ல, அவர் பக்கத்துக் கதையைக் கேட்க முடியாது. இந்த வருஷம் தை பொறக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி, அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சக்கொத்து, ஒரு புடவை எல்லாம் வாங்கி வச்சுட்டு, "பஸ் எத்தனை மணிக்கு?"ன்னு என்கிட்ட கேட்டார். நானும் கூடப் போனேன். அத்தை வாசல்ல நின்னு அவரை ரொம்ப நேரம் திட்டினாங்க. அப்புறம் சாப்பிடச் சொன்னாங்க.

ஒரு தகவல் பாக்கி. சாப்பிட்டு முடிச்சதும் அத்தைகிட்ட கேட்டேன், தாத்தாவோட அம்மா பேரு என்னன்னு. யோசிக்கவே இல்ல, டக்குன்னு சொல்லிட்டாங்க. பெயர் வெள்ளையம்மா. அப்பா தலையைக் குனிஞ்சு கேட்டுட்டு இருந்தார்.

உங்க வீட்டுலயும் "சண்டை போட்டுட்டுப் போனவங்க" யாராவது இருப்பாங்க. இந்த வாரம் வீட்டுல இருக்கிற தாய்ப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. அதுல இருக்கிற பேர்கள்ல யார் இன்னும் உயிரோட இருக்காங்கன்னு பாருங்க. முதல்ல அவங்களைப் போய்ப் பார்த்துட்டு வாங்க. ஆபீஸ் பதிவேட்டை அடுத்த மாசம்கூடப் பார்த்துக்கலாம்.

அடுத்த எபிசோடுல சந்திப்போம்.