எட்டு மணி நேரம் யாருடைய நேரம்?

நடுவர் அவர்களே, "சீஸ் சாண்ட்விச் பத்து நிமிஷ வேலை. அதுக்குள்ள வைக்கிற கறிக்கு எட்டு மணி நேரமா? வெட்டி வேலை!" என்று எதிரணித் தலைவர் மேசையைத் தட்டினார், கைதட்டலும் வாங்கிக்கொண்டார். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த எட்டு மணி நேரம் யாருடைய நேரம்?

அமெரிக்க வீடுகளில் இந்த சாண்ட்விச்சுக்கு வாங்குவது மாட்டின் தோள்பட்டைக் கறி. நாளெல்லாம் உடம்பைச் சுமந்து நடந்த தசை. நார் அதிகம், விலை குறைவு. அவசரமாக வறுத்தால் செருப்பை மென்ற கதைதான். அதிலுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக வேண்டும். 70 டிகிரி செல்சியஸ் தாண்டியபின் அது நிதானமாகத்தான் நடக்கும். கறியின் உட்சூடு 95 டிகிரியை நெருங்கும்போது முள்கரண்டி பட்டாலே இழை இழையாகப் பிரியும்.

"குக்கர்ல வெச்சா முடிஞ்சுது" என்றார் எதிரணி அம்மையார். வெந்துவிடும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்திலேயே காவல் இருக்கவேண்டும். கொஞ்சம் கூடினால் கறி கூழ். மெதுவாக வேகவைக்கும் மின்சாரச் சட்டியோ அரை மணி தாமதத்தையும் மன்னிக்கும்.

அந்த மின்சாரச் சட்டி வந்த வழியைப் பாருங்கள். சிகாகோவின் இர்விங் நாக்ஸன் 1940இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஓய்வுநாளில் யூதர்கள் சமைக்கக்கூடாது. அதனால் லிதுவேனியாவில் வெள்ளிக்கிழமையே சோலண்ட் என்ற குழம்புப் பானையை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். தணியும் சூட்டில் இரவெல்லாம் வேகும். அம்மா சொன்ன இந்தக் கதைதான் நாக்ஸனுக்குப் பொறி. அதே சட்டி 1971இல் கிராக்பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தபோது, வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் கறியைப் போட்டுவிட்டுக் கிளம்பினார்கள். வேலை செய்யக்கூடாத நாளுக்காகப் பிறந்த சமையலையா வெட்டி வேலை என்கிறீர்கள்? சட்டி உழைக்கிறது, நாம் ஊர் சுற்றுகிறோம்!

நமக்கு மிச்சம் அந்தப் பத்து நிமிஷம்தான். அதிலும் அவசரம் ஆகாது. கறியைப் பிழிந்து சாற்றை இறக்கவேண்டும், இல்லையென்றால் ரொட்டி ஊறித் தொங்கும். மேலே ஒரு துண்டு சீஸ், கீழே ஒரு துண்டு, நடுவில் கறி. சீஸ் உருகிப் பிடித்தால்தான் கடிக்கும்போது கறி மடியில் விழாது. முற்றிய செடார் சீஸை மட்டும் வைத்தால் எண்ணெய் பிரியும், இளசையும் சேருங்கள். ரொட்டியின் வெளிப்பக்கம் வெண்ணெய், சின்னத் தீ, மேலே மூடி. தீயைக் கூட்டினால் ரொட்டி கருகும், சீஸ் கட்டியாகவே கிடக்கும்.

கனமான சாப்பாடு என்றீர்கள். உண்மை. பாதி தின்றால் போதும், மீதியைத் தைரியமாக எனக்கு அனுப்பலாம்.

பிழிந்த சாற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள், தொட்டுத் தின்ன அதுதான். கறி சாண்ட்விச்சைச் சாற்றில் தோய்த்தது முதலில் யார் என்று லாஸ் ஏஞ்சலிஸில் பிலிப்ஸ், கோல்ஸ் என்ற இரு கடைகள், இரண்டுமே 1908இல் தொடங்கியவை, உரிமை கொண்டாடின. அந்தப் பட்டிமன்றத்துக்கு மட்டும் நடுவராகப் போய்விடாதீர்கள், ஐயா.