எண்ணப்படாதவர்களின் நாடு

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஆளுக்கொரு நாட்டை எடுத்துக்கொண்டு மக்கள்தொகை, பொருளாதாரம், பத்திரிகை, நடப்பு அரசியல் என்று நான்கு தலைப்பில் பேச வேண்டும் என்று போன கூட்டத்தில் முடிவு செய்தோம். கியூபாவையும் வியட்நாமையும் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். நான் மௌரித்தானியாவை எடுத்தேன். அது மொரீஷியஸ்தானே என்று ஒரு தோழர் கேட்டார். இல்லை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், செனகலுக்கு வடக்கே இருக்கிற நாடு. பெரும்பகுதி சகாரா பாலைவனம். 1960இல் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. தலைநகர் நுவாக்சோத். பரப்பில் தமிழ்நாட்டைப்போல ஏறக்குறைய எட்டு மடங்கு. 2023 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 49 லட்சம்.

போட்டித் தேர்வுக்கு இவ்வளவு போதும். நமக்குப் போதாது. இந்த 49 லட்சத்தில் யார் எத்தனை பேர்? அந்த நாட்டு அரசு அதைச் சொல்வதில்லை. அதிகாரத்தில் இருப்பவர்கள் பைதான் எனப்படும் அரபு-பெர்பர் வம்சத்தவர். அவர்களுக்கு அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள் ஹராத்தீன்கள். அரபு மொழியின் அதே வட்டார வழக்கைத்தான் பேசுகிறார்கள், அதே இஸ்லாத்தைப் பின்பற்றுகிறார்கள். இவர்கள் தவிர புலார், சோனின்கே, வொலோஃப் பேசும் கறுப்பின மக்கள் தெற்கே வாழ்கிறார்கள். ஹராத்தீன்கள் 40 விழுக்காடு, மற்ற இரு பிரிவினரும் தலா 30 என்று ஆய்வாளர்கள் தோராயமாகச் சொல்கிறார்கள். அதிகாரப்பூர்வமான எண் கிடையாது. எண்ணினால் பங்கு கேட்பார்கள் இல்லையா? 1931க்குப் பிறகு நாடு முழுமைக்குமான சாதிவாரிக் கணக்கைப் பார்க்காத நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணிக்கையில் பெரும்பான்மை, அதிகாரத்தில் பூஜ்யம். 2016இல் அங்கே போன ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் பிலிப் ஆல்ஸ்டன், ஹராத்தீன்களும் தெற்கத்திய கறுப்பின மக்களும் உண்மையான அதிகாரமுள்ள பதவிகள் அனைத்திலும் அநேகமாக இல்லவே இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பொருளாதாரத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். இரும்புத் தாது, தங்கம், மீன். சுவேராத் சுரங்கத்திலிருந்து நுவாதிபு துறைமுகம் வரை சுமார் 700 கிலோமீட்டருக்குத் தாது ஏற்றிக்கொண்டு ஓடும் ரயிலின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். யூடியூபில் அதன்மேல் ஏறிப் பயணம் செய்கிற வெள்ளைக்காரர்களின் காணொளிகள் நிறைய இருக்கின்றன, பாருங்கள். 2025இல் செனகலோடு சேர்ந்து கடலடி எரிவாயு ஏற்றுமதியும் தொடங்கியிருக்கிறது. இந்தச் செல்வத்துக்கு நடுவே ஹராத்தீன் என்ன செய்கிறார்? துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார், வீட்டு வேலை செய்கிறார், ஆடு மாடு ஒட்டகம் மேய்க்கிறார். தலைமுறை தலைமுறையாக உழுத நிலத்துக்குப் பட்டா இல்லை. பழைய எஜமானின் குடும்பம் வந்து விளைச்சலில் பங்கு கேட்கிறது.

பழைய எஜமான் என்று சொல்வது ஓர் உவமைக்காக அல்ல. உலகத்தில் கடைசியாக அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்த நாடு இது. எப்போது? 1981இல். நம் அப்பா அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். 1978இல் எல் ஹோர் என்ற ஹராத்தீன் இயக்கம் தொடங்கியது. எல் ஹோர் என்றால் விடுதலை பெற்றவன். ஒரு பெண் விற்கப்பட்டதை எதிர்த்து அவர்கள் தெருவில் இறங்கிச் சிறைக்குப் போனார்கள். அதன் பிறகுதான் அந்த ஒழிப்புச் சட்டம் வந்தது. அதிலும் இழப்பீடு யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அடிமையை இழந்த எஜமானுக்கு! அடிமையாக வைத்திருப்பது குற்றம் என்று சொல்ல 2007 வரை ஆயிற்று. 2015இல் தண்டனையைக் கூட்டித் தனி நீதிமன்றங்களும் அமைத்தார்கள். ஆனாலும் நவீன அடிமை நிலையில் ஏறத்தாழ 1,49,000 பேர் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் உலக அடிமைத்தனக் குறியீடு மதிப்பிடுகிறது.

கேட்டால் அரசு என்ன சொல்கிறது? "அடிமை முறை இல்லை, அதன் எச்சங்கள்தான் இருக்கின்றன." "இப்பல்லாம் யாருங்க சாதி பார்க்கிறாங்க" என்பதன் அரபு மொழிபெயர்ப்பு.

இனி பத்திரிகை. நான் இந்த நாட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு இதுதான் காரணம். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பின் 2024 பட்டியலில் மௌரித்தானியா 33ஆம் இடம். ஆப்பிரிக்காவிலேயே முதலிடம். இந்தியா 159. பட்டியலை மட்டும் படித்தால் அங்கே போய்ப் பத்திரிகை நடத்தலாம் என்று தோன்றும்.

இப்போது முகமது ஷேக் ஊல்து ம்கைத்திர் என்ற இளைஞரின் கதையைக் கேளுங்கள். அவர் ஹராத்தீன் அல்ல, பைதான் சமூகத்துக்குள்ளேயே கீழே வைக்கப்பட்ட கொல்லர் சாதி. ஆம், அங்கே சாதி இருக்கிறது. போர்வீரர் குலம், மதகுருமார் குலம் மேலே. இரும்படிக்கிற, மரம் இழைக்கிற, தோல் தைக்கிற கைவினைஞர் கீழே. அவர்களுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள், அவர்கள் பேச்சை நம்ப மாட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்கு மதத்தைக் காரணம் காட்டுவதைக் கேள்வி கேட்டு அவர் இணையத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 2014 ஜனவரியில் கைது. அந்த ஆண்டு டிசம்பரில் நுவாதிபு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. தீர்ப்பைக் கேட்டு வெளியே கொண்டாடினார்கள். 2017 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை இரண்டாண்டாகக் குறைத்தது. ஏற்கெனவே கிட்டத்தட்ட நான்கு ஆண்டு உள்ளே இருந்துவிட்டார், உடனே விட்டிருக்க வேண்டும். விடவில்லை. 2019 ஜூலையில்தான் வெளியே விட்டு, நாட்டைவிட்டே அனுப்பினார்கள். இடையில், 2018இல், மத நிந்தனைக்கு மரண தண்டனையைக் கட்டாயமாக்கிச் சட்டத்தைத் திருத்தினார்கள். மன்னிப்புக் கேட்டாலும் இனி தப்ப முடியாது.

அந்த 33 பொய் என்று நான் சொல்லவில்லை. அரசியல்வாதியைத் திட்டலாம், அமைச்சரின் ஊழலை எழுதலாம். சாதியை எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு அந்தப் பட்டியலில் தனிக் கட்டம் இல்லை.

இதை வைத்துக்கொண்டு "பார், இஸ்லாத்தில்தான் கொடுமை" என்று வாட்ஸ்அப்பில் பரப்பக் காத்திருக்கும் நம்மூர் ஆட்களுக்கு ஒரு செய்தி. அடிமை முறையை எதிர்ப்பவர்களும் முஸ்லிம்கள்தான். பிராம் தா அபெய்து என்ற ஹராத்தீன் தலைவர், தாய் வயிற்றில் இருக்கும்போதே எஜமானால் விடுவிக்கப்பட்ட ஒருவரின் மகன். 2012இல், அடிமை முறையை நியாயப்படுத்தும் பழைய சட்ட நூல்களைத் தலைநகரில் பலர் பார்க்க எரித்தார். 1927இல் மகத்தில் அம்பேத்கர் மனுஸ்மிருதியை எரித்தது நினைவுக்கு வருகிறதா? எனக்கும் வந்தது. பிராம் எரித்தது குர்ஆனை அல்ல, எஜமானர்களுக்கு வசதியாக எழுதப்பட்ட விளக்கங்களை. சிறைக்குப் போனார். 2013இல் ஐ.நா. மனித உரிமைப் பரிசு வாங்கினார், மறுபடி சிறைக்குப் போனார். 2018இல் சிறையிலிருந்தபடியே நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். கறுப்பின மக்களுக்குள்ளும் இதே சண்டை நடக்கிறது. சோனின்கே சமூகத்தில் அடிமை வம்சம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் "நாம் அனைவரும் சமம்" என்று பொருள்படும் கன்பனாஹு என்ற பெயரில், அதே வாட்ஸ்அப்பில்தான், திரண்டார்கள்.

கடைசித் தலைப்பு, நடப்பு அரசியல். 2024 ஜூன் அதிபர் தேர்தலில் முன்னாள் ராணுவத் தளபதி கசுவானி 56 விழுக்காடு பெற்று மீண்டும் வென்றார். இரண்டாவதாக வந்த பிராம் பெற்றது 22. பத்தாண்டுக்கு முன்பு அவர் வாங்கியது 9கூட இல்லை. முடிவை ஏற்க மறுத்து அவர் ஆதரவாளர்கள் போராடினார்கள். தெற்கே கைதி என்ற ஊரில் கைதான இளைஞர்கள் குறைந்தது மூன்று பேர் காவலில் இறந்தார்கள். அடுத்த அதிபர் தேர்தல் 2029இல். அதற்குள் எத்தனை ஹராத்தீன்களிடம் அடையாள அட்டை இருக்கும் என்பது இன்னொரு பிரச்சினை. பெற்றோரிடம் பதிவு ஆவணம் இல்லாவிட்டால் பிள்ளைக்கும் கிடைப்பது கடினம். அட்டை இல்லாத பிள்ளை பள்ளித் தேர்வு எழுத முடியாது, வளர்ந்த பிறகு ஓட்டும் போட முடியாது.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.