காளைக்குப் பயறு, நமக்கு வடிநீர்

(காரமடையில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்கு ஆற்றிய பிரசங்கம்)



கவலை ஏற்றம் இறைத்த காலத்தில் நம் தோட்டங்களில் ஒரு வழக்கம் இருந்தது. கொள்ளை வேகவைத்துப் பயற்றைக் காளைக்கு இடுவோம். வடித்த நீரில் மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு ரசம் வைத்து நாம் உண்போம். ரசம் நல்லதே. ஆயினும், உடம்பைக் கட்டும் புரதச் சத்தில் பெரும்பகுதி பயற்றிலேயே தங்கிவிடுகிறது. இன்று காளைகள் அருகிவிட்டன. ஆனால் கொள்ளு என்றால் ரசம் மட்டுமே என்னும் வீடுகள் இன்னும் பல. சாம்பாரிலும் இதுவே கதை: முதலில் உண்போருக்குப் பருப்பு, கடைசியில் உண்ணும் தாய்க்குத் தெளிந்த நீர்.

மேட்டுப்பாளையம் வழியாக மலையேறினால் குன்னூர். அங்கே டாக்டர் மக்காரிஸன் 1918-இல் தொடங்கிய ஆராய்ச்சியே போஷாக்கு ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. அதன் தலைவராயிருந்த டாக்டர் அய்க்ராய்டு, நம் நாட்டு உணவுகளின் சத்துக்களை அளந்து 1937-இல் அட்டவணையாக வெளியிட்டார். அந்நிலையம் 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. 100 கிராம் கொள்ளில் ஏறக்குறைய 22 கிராம் புரதம் உண்டு; துவரம்பருப்பிலும் அவ்வளவே. சோளம், கம்பு, அரிசி ஆகியவற்றில் குறையும் ஒருவகைப் புரதக்கூறு பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவது தானியத்தில் உண்டு. ஆகவே களியும் பருப்பும் சேர்ந்தே உண்ணத்தக்கவை.

சமைக்கும் முறையைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும். கொள்ளைக் கல் அரித்து, இரவே ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் வேகவைக்கவும். உப்புக் கிணற்று நீரில் பயறு எளிதில் வேகாது, குடிநீரையே பயன்படுத்துக. சீக்கிரம் வேகட்டும் என்று சோடா உப்பு இடுவது ஜீவசத்தைக் கெடுக்கும். புளியை வெந்த பின்னரே சேர்க்கவும். வடிநீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, வெந்த பயற்றுடன் வதக்கிய சின்ன வெங்காயம், சீரகம், வரமிளகாய், பூண்டு கூட்டி ஆட்டுக்கல்லில் அரைத்தாலும், சட்டியில் இட்டுக் கடைந்தாலும், கொள்ளுப் பருப்பு ஆயிற்று. துணியில் கட்டி முளைவிட்ட பச்சைப்பயறும் தட்டைப்பயறும் குழந்தைகளுக்கு ஏற்றவை.

2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச்சோகை இருந்தது. கொள்ளில் இரும்புச் சத்து உண்டு. ஆயினும் பயற்றின் இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்து உண்டால் நன்கு ஏற்கும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது தடைபடும். சோகை கண்டவர்கள் சுகாதார நிலையத்தில் தரும் மாத்திரையை நிறுத்தலாகாது. சிறுநீரகக் கோளாறுள்ளவர்கள் பருப்பின் அளவை மருத்துவரைக் கேட்டே முடிவுசெய்க. "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது பழமொழி. கொள்ளு கொழுப்பை உருக்கும் மருந்தன்று. அதன் நார்ச்சத்து பசியை அடக்குவதால் மிகையாக உண்பது குறையும்.

சங்கத்துக்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். புரட்டாசி, ஐப்பசியில் மானாவாரிக் காட்டில் விதைத்த கொள்ளு தையில் களத்துக்கு வருகிறது. அதன் வேர் முடிச்சுகள் நிலத்துக்கும் தழைச்சத்து சேர்க்கின்றன. விளைந்ததையெல்லாம் மாசித் தேருக்குமுன் விற்றுவிட்டு, ஆடியில் அதையே அதிக விலைக்கு வாங்குவது அறிவாகாது. வீட்டுக்கு ஆண்டு முழுதும் வேண்டிய அளவை முதலில் ஒதுக்குங்கள். மிஞ்சியதைச் சங்கம் வாங்கிக் காயவைத்துப் பத்திரப்படுத்தி, விளைச்சல் இல்லாத அங்கத்தினருக்கு நியாய விலையில் வழங்கலாம்.

இன்றிரவு ரசம் வையுங்கள், பயற்றையும் உண்ணுங்கள். அதிலும் முதல் அகப்பை, கடைசியில் உண்ணும் தாய்க்கு இருக்கட்டும்.